‘செய்வீர்களா?’ என்று கேட்டால் ‘செய்வேன்’ என்றுதான் சொல்வார்: வேட்பாளரிடம் கேள்வி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் திருகோணமலையில் வாசிகசாலை, கோயில் மண்டபம், மீனவர் சங்கக் கட்டடம் என்று எல்லா இடத்துக்கும் வேட்பாளர்கள் வந்து போவார்கள். பேசி முடித்ததும், “ஏதாவது கேட்கிறதெண்டால் கேளுங்கோ” என்பார்கள். கட்சிக்காரருக்கு அங்கே கேட்க ஒன்றும் இருக்காது. யாருக்குப் போடுவது என்று இன்னும் முடிவெடுக்காதவருக்குத்தான் அந்தச் சில நிமிடங்கள் உண்மையில் தேவை. அதுவும் பெரும்பாலும் “எங்கட ஒழுங்கையைப் போட்டுத் தருவீங்களா சேர்?” என்பதிலேயே போய்விடுகிறது.

இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லும் வேட்பாளர் உலகத்தில் எங்கும் இல்லை. அடுத்த நாள் வருகிறவரும் ‘கட்டாயம்’ என்பார், அதற்கடுத்தவரும் அப்படியே. மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு உங்கள் கையில் என்ன மிஞ்சும்? ஒரு வேட்பாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாத கேள்வியால் முடிவெடுக்காத வாக்காளருக்குப் பயன் இல்லை. கீழே சொல்லப்போகும் தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

எந்தக் கதிரைக்குப் போட்டி என்று பார்க்காமல் கேட்பது

வடிகாலும் தெருவிளக்கும் குப்பையும் உள்ளூராட்சி சபையின் வேலை. மாகாணப் பாடசாலை, மாகாண வீதி, கிராமத்து வைத்தியசாலை எல்லாம் மாகாண சபையின் கீழ் வருபவை. சட்டம், வரவு செலவுத் திட்டம், அமைச்சரைக் கேள்வி கேட்பது இவைதான் பாராளுமன்ற உறுப்பினரின் வேலை. பாராளுமன்ற வேட்பாளரிடம் வடிகாலைக் கேட்டால் அவர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். வென்ற பிறகு, “அது பிரதேச சபைக்குரியது” என்று சொல்லித் தப்பவும் அவருக்கு வழி இருக்கிறது.

இந்தப் பொறுப்புக் குழப்பத்துக்கு நம் மாவட்டம் கொடுத்த விலை பெரியது. 2021 நொவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். புதிய பாலம் கட்டுவதற்காக வழமையான பாதை மூடப்பட்டிருந்தது. பாலம் கட்டுவது மத்திய அரசின் வேலை, படகுக்கு அனுமதி கொடுத்தது நகர சபை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது தண்ணீரைக் கடந்தே ஆக வேண்டிய சனம். அந்தப் பக்கத்துக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், “ஒரு வேலையில் மூன்று நிறுவனம் சம்பந்தப்பட்டால் நீங்கள் யாரிடம் போவீர்கள், அதற்கு உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர், திணைக்களங்கள் எல்லாம் ஒன்றாக உட்காரும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார். தெரியாதவர் மறுபடியும் ‘கட்டாயம்’ என்பார்.

மாகாண சபையின் கதையே வேறு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண நிர்வாகம் ஆளுநர் கையில். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டு வந்தார்கள், 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது, அப்படியே கிடந்துவிட்டது. சபையின் தலைமையகம் நம் நகரத்தில்தான். கட்டடமும் அதிகாரிகளும் இருக்கிறார்கள், மக்கள் தெரிவு செய்தவர்தான் இல்லை. ஆகவே பாராளுமன்றத்துக்கு யார் நின்றாலும் “எங்களுக்கு என்ன செய்வீர்கள்” என்பதற்கு முன், “தேர்தலைத் தள்ளிப்போடும் சட்டமூலம் வந்தால், உங்கள் கட்சித் தலைமை ஆதரிக்கச் சொன்னாலும் எதிர்த்து வாக்களிப்பீர்களா?” என்று கேளுங்கள். வீண் சந்தேகமாக இதைச் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்ற காரணத்தோடு நின்றது. அதில் வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்ததோ 2025 மே மாதத்தில்தான்.

நாளையைக் கேட்டு, நேற்றைக் கேட்காமல் விடுவது

நாளைக்கு என்ன செய்வேன் என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. நேற்று என்ன செய்தார் என்பது பதிவில் இருக்கிறது. ஒருவர் ஏற்கெனவே பாராளுமன்றத்தில் இருந்தவர் என்றால், ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த 20ஆவது திருத்தத்துக்கு 2020 ஒக்டோபரில் எந்தப் பக்கம் கை தூக்கினார்? அதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்த 21ஆவது திருத்தத்துக்கு 2022 ஒக்டோபரில்? யார் எப்படி வாக்களித்தார் என்பது பாராளுமன்ற நடவடிக்கைப் பதிவான ஹன்சார்ட்டில் இருக்கிறது. பாராளுமன்ற இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். எதிர்க்கட்சிப் பட்டியலில் வென்று போய் 20ஐ ஆதரித்தவர்களும் இருந்தார்கள். கேட்டால், “சமூகத்தின் நலனுக்காக” என்பார்கள். சரி, என்ன நலன் கிடைத்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். நாம் பெரும்பாலும் முதல் பதிலோடு உட்கார்ந்துவிடுகிறோம்.

2018 ஒக்டோபர் 26 தொடங்கி 51 நாட்கள் இரண்டு பேர் தாங்களே பிரதமர் என்று சொன்ன காலத்தையும் கேட்கலாம். பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று டிசெம்பர் 13 அன்று உயர் நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. தீர்ப்பு வருமுன் உங்கள் வேட்பாளர் எங்கே நின்றார், வந்த பிறகு எங்கே நின்றார்? வென்ற பிறகு கட்சி மாறுவது முன்போல் இலேசும் இல்லை. கட்சி முடிவுக்கு மாறாக வாக்களித்து நீக்கப்பட்ட, கிழக்கைச் சேர்ந்த ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் நீக்கம் செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் சொல்ல, அவர் ஆசனத்தை இழந்தார். “தாவ மாட்டேன்” என்ற வாக்குறுதி வாங்குவதில் பிரயோசனம் இல்லை. “கட்சி ஒன்று சொல்லி, இந்த மாவட்டம் வேறு சொன்னால், விலகுவீர்களா, வாய்மூடி இருப்பீர்களா?” என்றால் பதிலில் கொஞ்சமாவது ஆளைத் தெரியும்.

புதுமுகத்துக்கு ஹன்சார்ட் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம் என்று எங்கேயாவது கணக்கு வைத்திருப்பார். அந்தக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தாரா என்று கேட்டால் போதும்.

பெரிய கேள்வியைப் பெரிதாகவே கேட்பது

“இனப்பிரச்சினைக்கு உங்கட தீர்வு என்ன?” இந்தக் கேள்வி தவறில்லை. ஆனால் மேடைப் பேச்சாளருக்கு அது திருவிழா. தந்தை செல்வாவில் தொடங்கி இருபது நிமிடம் பேசுவார், கைதட்டலோடு கூட்டம் முடியும். வேறொரு கட்சிக்காரர் ‘நாம் எல்லோரும் இலங்கையர்’ என்று தொடங்குவார், அதற்கும் கைதட்டல் விழும். பெரிய கேள்வியை உடைத்து, கையில் பிடிக்கக்கூடிய துண்டாகக் கொடுக்க வேண்டும்.

காணியை எடுத்துக்கொள்வோம். மாகாண சபைகளைக் கொண்டு வந்த 13ஆவது திருத்தத்தில் சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு 1987இலிருந்து இன்றுவரை அமைக்கப்படவில்லை. அதை அமைக்கத் தனிநபர் பிரேரணையாவது கொண்டு வருவீர்களா? 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுகளைக் காக்க என்று ஒரு ஜனாதிபதி செயலணி, பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் பெரும்பான்மையாக இருக்கும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. திரியாயிலும் தென்னமரவடியிலும் குச்சவெளியிலும் எந்தத் துண்டு தொல்லியல் திணைக்களத்தின் கையில், எது வனத் திணைக்களத்தின் கையில் என்று சொல்லத் தெரிகிறதா? சொல்லத் தெரியாதவர் போராடுவேன் என்றால், எந்த அலுவலக வாசலில் போராடுவார்?

சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் இன்னொன்று. வெள்ளைக்காரன் கட்டியதில் மிஞ்சியிருப்பவை 99 குதங்கள். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. பிறகு 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவோடும் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை. அதே நாளில் சம்பூர் சூரிய மின் திட்டத்துக்கு ஆரம்ப விழா. ‘இந்தியாவுக்கு விற்கிறார்கள்’ என்று கத்துவதும் ‘ஊர் சிங்கப்பூர் ஆகும்’ என்று கத்துவதும் ஒரே அளவுக்கு இலேசு. “உடன்படிக்கைகளின் முழுவாசகத்தையும் பாராளுமன்றத்தில் வைக்கச் சொல்லிக் கேட்பீர்களா? நீங்கள் ஆளும் கட்சியில் இருந்தாலும் கேட்பீர்களா?” இரண்டாவது வரிதான் முக்கியம். எதிர்க்கட்சியில் இருக்கும்போது எல்லோருக்கும் வெளிப்படைத்தன்மை பிடிக்கும்.

சம்பூர் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 2006இல் இடம்பெயர்ந்தவர்கள் 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். அந்த நிலத்துக்கென்று பேசப்பட்ட அனல் மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. முத்துநகர் விவசாயிகளின் வயலில் இப்போது சூரியத் தகடு பிரச்சினை. நல்ல மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும்தான். ஆனால் ‘அபிவிருத்திக்கு ஆதரவா’ என்று கேட்டால் எல்லோரும் ஆதரவு. ‘மாற்றுக்காணியின் உறுதிப்பத்திரம் கைக்கு வரும் முன் வயலை எடுக்க விடுவீர்களா’ என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் கவனியுங்கள். “எனக்கு அது முழுசாத் தெரியாது, பார்த்துச் சொல்றன்” என்கிறவரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் உடனே பதில் வைத்திருக்கிறவரைவிட அவரை நான் அதிகம் நம்புவேன்.

தனக்காக மட்டும் கேட்பது

மகனுக்கு ஒரு நியமனம், மகளுக்கு இடமாற்றம். கேட்பவரின் கஷ்டம் புரிகிறது, ஆனால் அப்படிக் கேட்ட பிறகு மற்றக் கேள்விகளைக் கேட்க வாய் வராது. வாக்குக்காக ஏதும் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் தேர்தல் சட்டப்படி குற்றம்.

காசைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவது

நம் பக்கத்தில் ஒருவரிடம் வரவு செலவு கேட்பது மரியாதைக் குறைவு. வேட்பாளர் விடயத்தில் அந்தக் கூச்சம் தேவையில்லை, சட்டமே கேட்கிறது. 2023ஆம் ஆண்டு 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், தோற்றவர் உட்பட, செலவறிக்கை கொடுக்க வேண்டும். யாரிடம் காசு வாங்கினார் என்பதும் அதில் வர வேண்டும். வேட்புமனுவோடு சொத்து விபரமும் கொடுக்க வேண்டும். “போன முறை அறிக்கை கொடுத்தீங்களா ஐயா? அதில் பெரிய தொகை தந்தவர் யார்?” என்று பணிவாகவே கேட்கலாம். மணல் அனுமதிக்கும் கடற்கரை ஹோட்டல் காணிக்கும் சுருக்குவலை அனுமதிக்கும் ஆள் பிடிக்கிற ஊர் இது. பந்தலுக்கும் சோற்றுப் பார்சலுக்கும் யார் காசு என்பது நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

பதிலை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வருவது

எந்த இனமும் பாதியைத் தொடாத மாவட்டம் இது. அதனால் ஒரே வேட்பாளர் திருக்கடலூரில் ஒரு பேச்சும் மூதூரில் ஒரு பேச்சும் கந்தளாயில் இன்னொரு பேச்சும் பேச வசதி இருக்கிறது. புத்தர் சிலை விவகாரத்தில், காணி விவகாரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்புத்தான். கிண்ணியாவில் கூடப் படித்தவரிடமோ கந்தளாயில் கூட வேலை செய்தவரிடமோ, “அங்க இதைப் பற்றி என்ன சொன்னவர்?” என்று கேளுங்கள். மூன்று ஊர்க் கூட்டத்திலும் ஒரே பதில் சொல்கிறவர் கிடைத்தால், அவர் கொள்கை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் குறித்து வையுங்கள்.

“இந்தத் திட்டத்தை நான்தான் கொண்டு வந்தனான்” என்பதைச் சரிபார்க்க 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலோ சபையிலோ தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்தால், தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாமல் முன்கூட்டியே போட்டு வைத்தால் கூட்டத்துக்குக் கடிதத்தோடு போகலாம்.

‘வாக்குச் சிதறும்’ என்றதும் வாயை மூடுவது

கேள்வி கொஞ்சம் சூடானால் மேடையிலிருந்து வருவது இதுதான்: “இப்ப கேள்வி கேட்கிற நேரமில்லை, பிரிஞ்சால் எங்கட பிரதிநிதித்துவம் போயிடும்.” பயம் பொய்யில்லை. மாவட்டத்துக்கு 4 ஆசனம்தான். முதலிடம் வரும் கட்சிக்கு ஒன்று போனஸாகப் போக, மீதி 3 வாக்கு விகிதப்படி பிரியும். 5 வீதத்துக்குக் கீழே வாங்கும் பட்டியல் கணக்கிலேயே வராது. 2024 நொவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, தமிழரசுக் கட்சிக்கு 1 என்று வந்ததும் இந்தக் கணக்கில்தான். ஆனால் அந்தக் கணக்கு ஒரு பட்டியலுக்கு வாக்குக் கேட்கக் காரணமாகலாம், அந்தப் பட்டியலில் உள்ளவர் பதில் சொல்லாமல் இருக்கக் காரணமாகாது. சுயேச்சைக் குழுக்களிடமும் இதைக் கேட்க வேண்டும்: 5 வீதம் எங்கிருந்து வரும், வராது என்று தெரிந்தும் நிற்பது யாருக்காக?

பட்டியலில் 7 பேர் இருப்பார்கள், உங்களுக்குப் பிடித்தவர் ஒருவராக இருக்கலாம். உங்கள் வாக்கு முதலில் விழுவது பட்டியலுக்கு. அதில் வெல்வது மற்ற ஆறு பேரில் ஒருவராகவும் இருக்கலாம் என்பதால், “உங்களோட நிற்கிற மற்ற ஆறு பேரும் யார், அவர்களைத் தெரிந்தெடுத்தது யார்?” என்பதையும் கேட்டு வையுங்கள். வாக்குச் சீட்டில் கட்சிக்கோ குழுவுக்கோ புள்ளடி போடாமல் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழு வாக்கும் செல்லாது. கட்சிக்குப் போட்டு, விருப்பு வாக்கு மூன்றுக்கு மேல் போனால் கட்சி வாக்கு மட்டும் எண்ணப்படும், நீங்கள் கேள்வி கேட்டுத் தெரிந்தெடுத்த ஆளுக்கு ஒன்றும் போய்ச் சேராது.