அக்ரிலிக் ஷீட் அறுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் கட்டாயமானதிலிருந்து பெங்களூரில் அக்ரிலிக் ஷீட் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு) அறுக்கிற போர்டு வேலைக்குப் புதுப் பசங்கள் நிறைய வருகிறார்கள். ஸ்ரீராம்புரத்தில் என் பட்டறைக்கு வந்த இருவரும் தொழில் பழகிய நாளில் நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். கண்ணாடி போடு, கை பத்திரம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

அறுத்த விளிம்பைத் தின்னரால் துடைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். அல்சூர்ப் பக்கம் ஒரு கோயிலுக்கு 10 மி.மீ. ஷீட்டில் உண்டியல் செய்தேன். பசைக்கறை போகத் தின்னர் தொட்டுத் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. காலையில் பார்த்தால் நாலு விளிம்பிலும் வெள்ளி நூல் ஓடின மாதிரி விரிசல். ஷீட்டே மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன பிளேடுப்பா போட்டே?" என்றார்.

மரம் அறுக்கிற மொக்கை பிளேடு. நடுவில் இரண்டு தடவை நிறுத்தியும் இருந்தேன்.

அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இளகும். இளகிய விளிம்பு ஆறும்போது உள்ளே ஓர் இழுப்பு தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டதும் விரிசல் விட்டுவிடும். ஒட்டுவதற்கு விடுகிற குளோரோஃபார்மும் இதே வேலையைச் செய்யும். லேசரில் வெட்டிய விளிம்பும், நெருப்புக் காட்டி மெருகேற்றிய விளிம்பும் இன்னும் ஆபத்து.

அக்ரிலிக்குக்கு உரிய கார்பைடு பல் பிளேடு போடுங்கள். நிறுத்தாமல் ஒரே சீராகத் தள்ளுங்கள். தூள் உதிர்ந்தால் சரி. பிசின் மாதிரி இழுபட்டால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். பசைக்கறைக்கு மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய், உடனே சோப்புத் தண்ணீர். தடித்த காஸ்ட் ஷீட்டை (அச்சில் ஊற்றி வார்த்த ஷீட்) ஒட்டும் முன் 80 டிகிரி ஓவனில் பல மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட்டால் அந்த இழுப்பு தளர்ந்துவிடும்.

ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை முன்பே உரிப்பது

அறுத்து முடியும்வரை தொடாதீர்கள்.

கீறி உடைப்பது

3 மி.மீ. தடிமன் வரைதான். அதற்கு மேல் போனால் கீறிய கோட்டிலிருந்து விலகி உடையும்.

சட்டத்துக்குள் இறுக்கமாக அறுப்பது

1 மீட்டர் ஷீட், 10 டிகிரி சூடு கூடினால் சுமார் 0.7 மி.மீ. நீளும். 8 அடி போர்டு மதிய வெயிலில் 3 மி.மீ.க்கு மேல் நீளக்கூடும். சட்டத்தில் அதற்கு இடம் விடுங்கள். ஸ்குரூ துளையையும் பெரிதாகப் போட்டு வாஷர் வையுங்கள்.