கண்மாயில் கழிவுநீர்: ஊர் கூடிப் போராடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் சீமையில் கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு மட்டும் போவதில்லை. கோடையில் கண்மாய் வற்றிய பிறகும் பல கிராமங்களில் பெண்கள் அதற்குள்ளேயே ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்புகிறார்கள். அந்த மண்ணில் கழிவுநீர் இறங்கினால் அது குடிதண்ணீரில்தான் போய்ச் சேரும். ஆகவே இதற்காக ஓர் ஊர் திரள்கிறது என்றாலே மனதுக்குத் தெம்பாக இருக்கிறது. அந்தத் திரட்சி சில மாதங்களில் கலைந்துபோனால், பெரும்பாலும் அக்கறை குறைந்தது காரணமல்ல; வேலையைத் தொடங்கிய இடம் சரியில்லை.

பலரும் தொடங்குவது துப்புரவில். ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் கூடி ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். கழிவுநீர் விழும் வாய்க்கால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் ஆகாயத்தாமரைக்கு உரம் என்பதால், வாரிய இடம் சில வாரங்களில் மறுபடி மூடிவிடும். உழைத்தவர்கள் சோர்ந்துபோகிறார்கள். துப்புரவுக்கு முன்னால் கரையைச் சுற்றி நடக்க வேண்டும், காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள். வீடுகளில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் நடக்கிற நேரம் அதுதான். எந்த வாய்க்காலில் எவ்வளவு வருகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். நுரையோடு சாம்பல் நிறத்தில் வந்தால் பெரும்பாலும் குளியலறைத் தண்ணீர். அழுகிய முட்டை வாடை அடித்து, கல்லில் கறுப்பாக வழுக்கல் படிந்து, சேற்றில் சிவப்புப் புழு நெளிந்தால், அங்கே கழிவு நெடுநாளாகத் தேங்கி அழுகுகிறது. செப்டிக் டேங்க் நீரும் கலக்கிறதா என்று தேட வேண்டும். அந்த வாய்க்காலை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டே போய், எந்தத் தெருவில், எந்த விடுதியில், எந்த மண்டபத்தில் தொடங்குகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அடைத்த சாக்கடையைக் கையால் அள்ளவோ, தொட்டிக்குள் இறங்கவோ யாரையும் விடாதீர்கள். கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. உயிர் போகிற வேலை அது.

அடுத்து, மனு. எல்லா அலுவலகத்துக்கும் ஒரே மனுவை அனுப்பினால், ஒவ்வொருவரும் அடுத்தவர் பொறுப்பு என்று எழுதிவிடுவார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். நகரத்து ஊரணி பொதுவாக நகராட்சி வசம். ஆனால் சாக்கடை உள்ளாட்சியுடையது, மாசு என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. ஒவ்வொருவரிடமும் அவரவர் செய்ய வேண்டியதை மட்டும் கேட்டுத் தனித்தனி மனு எழுதுங்கள். கூடவே 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்றும் போடலாம்: ஊரின் கழிவுநீர் எங்கே சுத்திகரிக்கப்படுகிறது, அதற்கு வாரியத்தின் இசைவாணை (அனுமதி) இருக்கிறதா என்று. பதில் தர 30 நாள் கெடு.

தண்ணீர்ப் பரிசோதனையில் பருவத்தை மறந்துவிடுகிறார்கள். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். கண்மாய் நிரம்பியிருக்கும்போது எடுத்த மாதிரியில் கழிவு நீர்த்துப்போய், எல்லாம் சரியாக இருப்பதுபோல் முடிவு வரக்கூடும். அந்தத் தாளையே பிறகு உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். பங்குனி, சித்திரையிலும் எடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோனால் கிருமிக் கணக்கு நம்பும்படி இருக்காது; ஆய்வகம் தரும் சுத்தப்படுத்திய பாட்டில் வேண்டும், ஐஸில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். குளிக்கத் தகுந்த நீர் என்றால் 100 மில்லியில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) 2,500-ஐத் தாண்டக் கூடாது. நாம் எடுத்த மாதிரி பிரச்சினையைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி வழக்குக்குச் சான்றாக நிற்பது, வாரிய அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுக்கும் மாதிரிதான். அவரை வரவழைக்கவே நம் மாதிரி பயன்பட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, கோரிக்கையை வைக்கும் விதம். "வாய்க்காலை அடை" என்று கேட்கிறோம். அடைத்தால் தண்ணீர் ஏதோவொரு தெருவில் ஏறும். பெரும்பாலும் தாழ்வான, ஏழைகள் இருக்கும் தெருவில். அங்குள்ளவர்கள் நமக்கு எதிராகத் திரும்புவார்கள், அதில் நியாயமும் உண்டு. இன்னொரு குரல், "கடல் பக்கந்தானே இருக்கிறது, அங்கே திருப்பிவிடு" என்பது. கீழக்கரை, மண்டபம், பாம்பன் கரையோரக் கடல் ஆழமற்றது. தாழை என்கிற கடற்புல்லும் பவளப்பாறையும் உள்ள கடல். 21 தீவுகளோடு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. கழிவுநீரின் சத்தில் பாசி பெருகிப் பவளத்தை மூடிவிடும். கடற்பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கிறார்கள். நம் கண்மாயின் அழுக்கை அவர்கள் மேல் தள்ளிவிட்டு அதை வெற்றி என்று சொல்ல முடியாது. ஆகவே கழிவுநீர் எங்கே போக வேண்டும், எங்கே சுத்திகரிக்கப்பட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். வீட்டளவில் உறிஞ்சுகுழி, தெருவளவில் சிறு சுத்திகரிப்பு, செப்டிக் டேங்க் லாரிக்கு முறையான இறக்குமிடம். இரவில் கழிவைக் கொட்டும் லாரி ஓட்டுநரைப் பிடித்து அடிப்பதால் மறுநாள் லாரி வேறு கண்மாய்க்குப் போகும். இறக்குமிடம் இருக்கிறதா என்று உள்ளாட்சியைக் கேளுங்கள்.

கூட்டத்துக்குக் கரை வீட்டுக்காரர்களை மட்டும் அழைப்பதும் தவறு. ஊற்று இறைக்கும் பெண்கள், பாசனக்காரர்கள், பாசி எடுப்பவர்கள், சாக்கடை தொடங்கும் தெருக்காரர்கள் எல்லாரும் வேண்டும். கிராமசபை இப்போது ஆண்டுக்கு 6 முறை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கூடுகிறது. தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதவைத்து நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

கடைசியாக, கால வரம்பு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்த ரசீதை பலர் தொலைத்துவிடுகிறார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால், பிரச்சினைக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். பதிலுக்குக் காத்திருந்தே அந்தக் காலம் ஓடிவிடும். முதல் மனுவோடு ஒரு கோப்பைத் திறந்து, ரசீது, தேதி போட்ட படங்கள், ஆய்வக முடிவு எல்லாவற்றையும் அதில் வைத்து, 3-ஆம் மாதத்திலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.