மிஞ்சிய காய்கறியைச் சேகரித்துக் கொடுக்கும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்காளி விலை கிலோ 3 ரூபாய்க்கு விழுந்தால் பறிக்கிற கூலிகூடக் கட்டாது. ஒட்டன்சத்திரம், பாலக்கோடு பக்கம் அப்போதெல்லாம் பழம் செடியிலேயே கிடந்து அழுகும். சிலர் வயலில் மாட்டை விட்டுவிடுவார்கள். அந்தப் பழத்தைப் பறித்து முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம் என்றுதான் நாங்களும் தொடங்கினோம்.

முதல் வாரமே தவறு செய்தோம். 30 பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்று போன் போட ஆரம்பித்தோம். ஒரு முதியோர் இல்லத்தில் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்துப் போனால் பாதிக்கு மேல் கொல்லையில் கொட்டிக் கிடந்தது. 25 பேர் சாப்பிடும் இடத்தில் அவ்வளவு தக்காளியை என்ன செய்வார்கள்? அன்றிலிருந்து முதல் போன் சமையற்கட்டுக்குத்தான். எத்தனை பேர், ஃப்ரிட்ஜ் இருக்கிறதா, இந்த வாரம் எந்தக் காய் வேண்டாம் என்றெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகே விவசாயியிடம் பேசுவோம்.

விவசாயியிடம் கேட்காமல் விடக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக மருந்து அடித்தது எப்போது? ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும், அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. மருந்தோடு வரும் தாளில் அது இருக்கும். விலை திடீரென்று விழுந்து கைவிட்ட வயல் என்றால் நேற்றுகூட அடித்திருக்கலாம். கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். செடிக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது.

என் மனதை அதிகம் உறுத்தும் தவறு வேறு. அறுவடை முடிந்த கடலைக்காட்டில், மண்ணில் தங்கிய காய்களைக் கிளறிப் பொறுக்க அந்த ஊர்ப் பெண்கள் வருவார்கள். நெல் வயலில் சிந்தின கதிருக்கும் அப்படித்தான். அப்புறம் ஆட்டுக்காரர் மந்தையை ஓட்டி வருவார். நிலத்துக்காரர் தடுக்கமாட்டார்; அது அவர்களுக்கு விட்டது. அங்கே 20 தன்னார்வலர்கள் வேனில் போய் இறங்கி ஒரு மணி நேரத்தில் வழித்து எடுத்தால், ஒரு ஏழையின் சாப்பாட்டை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்த மாதிரிதான். அதனால் நாங்கள் கடலைக்கும் நெல்லுக்கும் போவதே இல்லை. விலை விழுந்து, பொறுக்க ஆளில்லாமல் கிடக்கும் காய்கறிகளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சமைத்த சாப்பாடு என்றால் கவலை இன்னும் கூடும். மண்டபத்தில் மதியப் பந்தி முடிந்து, "சோறு நிறைய இருக்கு, வாங்க" என்று நான்கு மணிக்கு அழைப்பார்கள். எத்தனை மணிக்கு வடித்தது என்று முதலில் கேளுங்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பிறகும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நல்ல வாசனை வருகிறதே என்று முடிவு செய்வது ஆபத்து. 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் நேரம் போகப் போகக் கெடும். பரிமாறிய வாளியில் மிஞ்சியதையும் தேங்காய்ச் சட்னியையும் நாங்கள் தொடுவதே இல்லை. மிஞ்சிய உணவை விநியோகிப்பதற்கென்றே 2019-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகள் கொண்டுவந்தது. சேவைதானே என்று பதிவு செய்யாமல் தொடங்க வேண்டாம்.

வாங்குகிறவர்கள் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். கணக்குக்கு வேண்டுமென்றால் பெட்டிகளைப் படம் எடுத்தால் போதும்.

இலவசமாக வாங்குகிறவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அழுகினாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த முதியோர் இல்லத்துச் சமையற்கார அம்மா எங்களோடு பழகி, "இந்த வாரம் கத்தரிக்காய் வேண்டாம்ப்பா, போன வாரத்துது இன்னும் இருக்கு" என்று சொல்ல எட்டு மாதம் ஆனது.