அம்மாவைப் பயமுறுத்திய அந்தப் "பொம்பளை"

அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள என் அம்மா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் "யாரோ ஒரு பொம்பளை உள்ளே வந்துட்டா" என்று நடுங்குவார். பதினோரு நாள் இப்படியே.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் திடீரென்று குழப்பம் கூடும். தொற்று இல்லை. டாக்டரிடம் கேட்டு, மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றினோம். கெட்ட கனவு குறைந்தது, சாயங்காலப் பயம் குறையவில்லை. இரண்டு மணிக்கு மேல் டீயை நிறுத்தியும் பயனில்லை.

கரண்ட் இல்லாத நாளில் மட்டும் அம்மா அமைதியாக இருந்தார். ரங்கூனில் அது அடிக்கடி நடப்பதால்தான் கவனித்தேன். இன்னொரு துப்பு, "அவளும் என்னோட பூப்போட்ட லுங்கியைக் கட்டியிருக்கா" என்றது. அவர் நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். வெளியே இருட்டி, பின்னால் டியூப்லைட் எரிந்தால், ஜன்னல் கண்ணாடி முழு முகத்தையும் காட்டுகிறது. அந்தப் "பொம்பளை" அம்மாவின் பிம்பம்தான்.

தடித்த திரையை இருட்டுவதற்கு அரைமணி முன்பே மூடி, பிறகுதான் விளக்கைப் போட வேண்டும். டிசம்பரில் இங்கே ஐந்தரைக்கே பொழுது சாய்கிறது. ஐந்து மணிக்கே மூடுகிறேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். பீரோக் கண்ணாடிக்குத் துணி. அணைத்த டிவியும் கண்ணாடிதான், அதை மறக்காதீர்கள்; மூன்றாம் நாள் அதில்தான் மறுபடி பயந்தார்.

"யாருமில்லை" என்று வாதாடினால் பயம் கூடுகிறது. "போகச் சொல்லிட்டேம்மா" என்றால் பயத்தில் பிடித்த என் கையை விடுகிறார். இப்போது ஆறு மணிக்குச் சாப்பிட உட்காருகிறார்.