பயிற்சிக்கு அனுப்பினால் மட்டும் போதுமா? வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசுப் பணத்தில் ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளுக்கு வேலூர்ப் பக்கம் குறைவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் நடப்பவை ஒருபுறம். ராணிப்பேட்டையில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் நடத்துபவை இன்னொரு புறம். மத்திய அரசின் இணையக் கற்றல் தளமான திக்ஷாவில் இணையவழியே முடிக்க வேண்டியவை தனி. இத்தனை இருந்தும் பயிற்சியில் கேட்டது வகுப்பறை வரை வந்து சேர்வது குறைவு. பயிற்சிக்கு முந்தைய வாரத்திலும் முடிந்த பிறகு வரும் மாதத்திலும் பள்ளிக்குள் நடக்கிற தவறுகளால்தான் பாதிப் பலன் போய்விடுகிறது என்பது என் கருத்து.

முதல் தவறு ஆளைத் தேர்வு செய்வதில். சுற்றறிக்கை வந்ததும், வள மையத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவரையோ எதற்கும் மறுப்புச் சொல்லாத இளையவரையோ அனுப்பிவிடுகிறோம். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கியது. அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஒரே நேரத்தில் மூன்று நிலைக்கும் வேலை கொடுக்க வேண்டும். இது செய்து பார்த்தால்தான் கைவரும். 5ஆம் வகுப்பு ஆசிரியர் போய்க் கைபேசியில் படம் எடுத்து வந்து, 2ஆம் வகுப்பு ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த வகுப்புக்கு ஒன்றும் கிடைக்காது. உரிய ஆசிரியர் விடுப்பில் இருந்தால், அடுத்த பயிற்சி அணியில் (பேட்ச்) அவரைச் சேர்க்கச் சொல்லி வள மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். இடத்தை நிரப்ப யாரையாவது அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஈராசிரியர் பள்ளிகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பயிற்சிக்கு இறங்கிவிட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இரண்டு பேரின் பெயரும் ஒரே தேதிப் பட்டியலில் வந்துவிட்டாலோ, பள்ளியே பூட்டிக் கிடக்கும் நிலை. பட்டியல் வந்த அன்றே வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லி, ஒருவரை வேறு அணிக்கு மாற்றுங்கள் அல்லது மாற்றுப்பணியில் ஓர் ஆசிரியரைக் கேளுங்கள். முந்தின நாள் மாலை சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. மாற்று ஏற்பாடு இல்லாமல் வந்த ஆசிரியருக்கு, பயிற்சி நடக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் மனம் பள்ளியில்தான் இருக்கும்.

இணையவழிப் பயிற்சியில் நடப்பது வேறு வகை. மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கி, 2020இல் திக்ஷா வழியே இணையத்துக்கு மாறியது. காணொளியை ஓடவிட்டுவிட்டு, கடைசித் தேர்வுக்கான விடைகளைக் குழுவில் வாங்கிக் குறித்துச் சான்றிதழ் எடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாளெல்லாம் வகுப்பு, மாலையில் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவு, அதற்குமேல் இரவில் காணொளி என்றால் யாருக்குத்தான் முடியும்? பள்ளி நேரத்திலேயே வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கித் தருவது தலைமையாசிரியர் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே திரையில் பார்த்து, நடுவில் நிறுத்திப் பேசிக்கொண்டால் அதே காணொளி பயனுள்ளதாகிவிடும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: அரசு கொடுத்த பயனர் கணக்கில் நுழையாமல் சொந்த மின்னஞ்சல் கணக்கில் படித்தால், முடித்த பயிற்சி உங்கள் பணிக் கணக்கில் ஏறாமல் போகலாம். தொடங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. பயிற்சி முடிந்து வந்தவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வருகைச் சான்றைக் கோப்பில் சேர்த்துவிட்டு, ‘சரி, 3ஆம் வகுப்பைப் பாருங்க’ என்று அனுப்பிவிடுகிறோம். ஒரு பயிற்சி மாநில அளவிலிருந்து மாவட்டம், அங்கிருந்து வட்டாரம் என்று கருத்தாளர் (பயிற்சி தருபவர்) மாறி மாறித்தான் இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் நேரம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது செய்துபார்க்கும் பகுதி. ஆக, விட்டுப்போனதைப் பள்ளியில் ஈடுகட்டியே ஆக வேண்டும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. திரும்பி வந்த வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்று உரை நிகழ்த்தச் சொல்லாமல், பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரே ஒரு செயல்பாட்டை மற்ற ஆசிரியர்கள் முன்னால் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். முதல் முறை தடுமாறும். தடுமாறட்டும், அங்கேதான் நல்ல கேள்விகள் வரும். ‘மொட்டு நிலைப் பிள்ளை சீக்கிரம் முடித்துவிட்டால் என்ன கொடுப்பது?’, ‘செயல்பாட்டு அட்டை கிழிந்தால் என்ன செய்வது?’ என்று கேட்பார்கள். பிறகு இரண்டு வாரம் அந்த ஒன்றை மட்டும் எல்லோரும் செய்து பார்க்கட்டும். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைக் குறித்துவைத்து, பக்கத்துப் பள்ளிகள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பேசுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் அதே சிக்கல் இருந்திருக்கும், அவரிடம் ஒரு வழியும் இருக்கலாம். பயிற்சிக் கட்டகத்தை (பயிற்சியில் தரும் கையேட்டை) பள்ளியிலேயே வையுங்கள். வீட்டில் வைத்திருப்பவர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போனால் கட்டகமும் கூடவே போய்விடும். புதிதாக வருபவருக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

இதோடு சேர்ந்தது, வள மையத்திலிருந்து பள்ளிக்கு வரும் ஆசிரியர் பயிற்றுநரைப் பார்த்துப் பயப்படுவது. அவர் வரும் நாளில் பதிவேடுகளை அடுக்கி வைத்து, நன்றாகப் படிக்கும் பிள்ளையை எழுப்பி வாசிக்க வைத்து அனுப்பிவிடுகிறோம். அவரிடம் ‘இந்த நாலு பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை, ஒரு பாடவேளை நீங்களே எடுத்துக் காட்டுங்க சார்’ என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கு வந்து துணை நிற்பதற்காகத்தான் அந்தப் பணியிடமே இருக்கிறது. ஒருசில பயிற்றுநர்களும் புள்ளிவிவரம் சேகரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்கிற பள்ளியில் அவர்களும் மாறுவார்கள்.

பழைய பயிற்சியே போதும் என்று இருப்பது இன்னொரு தவறு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் விஷயத்தில் இது நேரடியாகக் குழந்தையைப் பாதிக்கும். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குறைபாடுகள் 7 வகை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21. கற்றல் குறைபாடும் புற உலகச் சிந்தனையற்ற நிலையும் (ஆட்டிசம்) புதிய பட்டியலில்தான் தெளிவாக இடம்பெற்றன. முன்பு பயிற்சி பெற்ற ஆசிரியர், எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் பிள்ளையை இன்றும் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரை ஒருமுறை வகுப்பில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மொழியை மறப்பதையும் சொல்ல வேண்டும். பேரணாம்பட்டிலும் வேலூர் நகரிலும், இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடியிலும் உருது வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்க் கட்டகத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், அந்த ஆசிரியர் தானே மொழிபெயர்த்துக்கொண்டு தனியாகத் திண்டாட வேண்டும். ஒரே வட்டாரத்து உருது வழி ஆசிரியர்களை ஒரே அணியில் போடச் சொல்லுங்கள். அவர்கள் சேர்ந்து அட்டைகளைத் தயாரித்துக்கொள்வார்கள்.

பணம் வரவில்லை, அதனால் எதுவும் நடக்காது என்று உட்கார்ந்துவிடுவதும் நல்லதல்ல. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். 2024–25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது எல்லோரும் அறிந்த செய்தி. அந்தப் பணத்தைக் கேட்டே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேலே சொன்ன ஒரு மணி நேரத்துக்கும் பக்கத்துப் பள்ளி ஆசிரியரின் வகுப்பைப் போய்ப் பார்ப்பதற்கும் நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.

பெண் ஆசிரியர்கள் கேட்கத் தயங்கும் காரியங்களைத் தலைமையாசிரியரே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். பயிற்சி மையத்தில் கழிப்பறை சரியாக இருக்கிறதா, கைக்குழந்தையோடு வருபவருக்குத் தனி அறை உண்டா, மாலையில் கடைசிப் பேருந்துக்கு முன்னால் முடிப்பார்களா? வேலூர் வெயிலில், ஏப்ரல் மே மாதங்களில், குடிநீரையும் மின்விசிறியையும்கூட கேட்டுத்தான் ஆக வேண்டும். பயணப்படி விண்ணப்பத்தை அந்த வாரமே கொடுத்துவிட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதரவு என்றால் பயிற்சி மட்டுமில்லை. வேலைப் பளுவில் மனம் சோர்ந்த ஆசிரியர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். கல்வி தொடர்பான உதவிக்கும் வழிகாட்டலுக்கும் 14417. இந்த இரண்டு எண்களும் மாணவர்களுக்கான அறிவிப்புப் பலகையில் மட்டும் இருக்கின்றன. ஆசிரியர் அறையிலும் ஒட்டுங்கள்.

கடைசியாக, பள்ளிப் பணியாளர் என்றால் ஆசிரியர் மட்டும் என்று நினைப்பது. சத்துணவு அமைப்பாளர், சமையலர், ஆய்வக உதவியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோரும் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பழகுகிறவர்கள். சத்துணவு ஊழியர்கள் சமூக நலத் துறையின் கீழ் வருவதால் கல்வித் துறையின் பயிற்சிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. குழந்தைப் பாதுகாப்பு பற்றிய பயிற்சி உங்கள் பள்ளியிலேயே நடக்கும் நாளில் அவர்களையும் உட்கார வையுங்கள். சமையல் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய பயிற்சி எப்போது என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவில் கேளுங்கள். அவர்கள் போகும் நாளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு யார் செய்வது என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.