வாசிகசாலைப் பலகைக்கு ஓர் ஒக்டோபர் எழுதுவது எப்படி

எங்கள் ஊர் வாசிகசாலையின் முன் விறாந்தையில், பேப்பர் மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் மாதா மாதம் அதற்கு எழுதுவது நான்தான். ஒரு பிறிஸ்டல் போட், அந்த மாதத்தில் உலகத்தில் எப்போதோ நடந்த ஐந்தாறு சம்பவங்கள், அவ்வளவுதான். ஆனால் படிக்கிறவர்களில் ஒருவராவது வாய்விட்டுச் சிரிக்கவேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பேப்பர் மேசையில் இருக்கிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னவாம் போட்டிருக்கு?" என்று எழும்பி வரவேண்டும். இருபத்தேழு வருடம் வரலாறு படிப்பித்தவள் நான். சிரித்துப் படித்த திகதியைப் பிள்ளைகள் மறந்து நான் கண்டதில்லை.

போன கிழமை பக்கத்து ஊர் வாசிகசாலைப் பெடியள் இரண்டு பேர் வந்து, "ரீச்சர், எங்கட பலகைக்கும் இப்பிடி எழுதவேணும், என்ன மாதிரிச் செய்யிறது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒக்டோபரை எடுத்துக்கொள்வோம். நல்ல விளைச்சல் உள்ள மாதம். கால் வைக்கும்போது பார்த்து வைக்கவேண்டிய மாதமும் அதுதான்.

முதலில் திகதியைப் பிடியுங்கள். திகதி என்பது மனிதர் கூடி வைத்துக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்கு எப்படி மாறும் என்பதற்கு ஒக்டோபரை விட நல்ல சாட்சி இல்லை. 1582 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4, வியாழக்கிழமை. விடிந்தால் வெள்ளிக்கிழமை, ஒக்டோபர் 15. நடுவில் பத்துத் திகதியைக் காணவில்லை. யூலியஸ் சீசர் காலத்துக் கலண்டரில் ஓர் ஆண்டு ஏறத்தாழ 11 நிமிடம் நீண்டு கிடந்தது. அது நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்து, உயிர்த்த ஞாயிறு எந்த நாளில் வரவேண்டும் என்ற கணக்கையே குழப்பிவிட்டது. பாப்பரசர் 13 ஆம் கிரகோரி பத்து நாளை வெட்டி எறிந்து நேராக்கினார். இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், போலந்து நான்கும் உடனே ஏற்றுக்கொண்டன.

அந்த இரவில்தான் அவிலா நகரத்துப் புனித தெரேசா ஸ்பெயினில் காலமானார். 4 ஆம் திகதி இரவு உயிர் பிரிந்தது, மறுநாள் அடக்கம், மறுநாள் திகதியோ 15. அவருடைய திருநாள் இன்றைக்கும் ஒக்டோபர் 15 இல் வருவது அதனால்தான். இதைப் பலகையில் போட்ட அன்று, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இரண்டு தரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, அப்ப செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவு எந்தத் திகதியில வைச்சிருப்பினம்?" என்றார். பேப்பர் மேசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணை, நாங்கள் திதி பார்க்கிற ஆக்கள்தானே. பாப்பரசர் திகதியை எடுத்தாலும் பிறையை எடுக்கேலாது. திவசம் பிசகாது" என்றேன். அதிலிருந்து வாக்கிய பஞ்சாங்கம் சரியா, திருக்கணிதம் சரியா என்று கதை திரும்பி, விளக்கு வைக்கும்வரை ஓயவில்லை. ஒரு சம்பவம் ஊருக்குள் இறங்கிவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம்.

ஆகவே பழைய காலத்துச் சம்பவம் எதை எடுத்தாலும், அந்த நாடு அப்போது எந்தக் கலண்டரில் இருந்தது என்று பாருங்கள். இங்கிலாந்து 1752 இல்தான் மாறியது. அங்கே செப்டெம்பர் 2 க்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14. ரஷ்யா 1918 வரை பழைய கணக்கிலேயே இருந்தது.

திகதி பிடிபட்ட பிறகு கதையைப் பிடியுங்கள். சிரிப்புக் கதைகளுக்குத்தான் பொய் கெதியில் ஒட்டும். என் முதல் ஒக்டோபரில், 1960 ஒக்டோபர் 12 ஐக்கிய நாடுகள் சபையில் சோவியத் தலைவர் குருசேவ் சப்பாத்தைக் கழற்றி மேசையில் அடித்தார் என்று போட்டு, சப்பாத்தைச் சிவப்புப் பிளாட்டிக்னம் பேனையால் வடிவாகக் கீறியும் வைத்திருந்தேன். உயர்தரம் படிக்கிற பெடியன் ஒருவன் போனோடு வந்தான். குருசேவ் கையில் சப்பாத்தோடு நிற்பதாகப் பரவுகிற படம் ஒட்டு வேலை என்று காட்டினான். அன்று மண்டபத்தில் இருந்தவர்களே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்: அடித்தார் என்கிறவர் ஒருவர், தூக்கிக் காட்டினதோடு சரி என்கிறவர் இன்னொருவர். நான் அன்று பின்னேரமே வெள்ளைத் தாள் வெட்டி அந்த இடத்தை மூடி ஒட்டினேன். அந்தப் பெடியனுக்கு நான் கடமைப்பட்டவள். அதற்குப் பிறகு, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடத்தில் கண்டால்தான் எதையும் பலகையில் ஏற்றுகிறேன். அதில் ஒன்றாவது அச்சுப் புத்தகமாக இருக்கவேண்டும். மாதம் ஒரு தரம் பஸ் ஏறி யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதிக்குப் போய்வருவேன். ஒரு காலைப்பொழுது போதும்.

மூன்றாவது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு கணம் நின்று பாருங்கள். 1814 ஒக்டோபர் 17 இல் லண்டனில் பெரிய பியர்த் தொட்டி ஒன்று வெடித்துத் தெருவெல்லாம் பியர் ஓடியது. நிறையப் பேர் இதைப் பகிடியாக எழுதுகிறார்கள். செத்தவர்கள் எட்டுப் பேர். பக்கத்து வீட்டு நிலவறையில், இறந்துபோன ஒரு சின்னப் பிள்ளைக்காகக் கூடி அழுதுகொண்டிருந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். செத்த வீட்டை நான் பலகையில் ஏற்றமாட்டேன்.

கொலம்பஸ் வேறு. 1492 ஒக்டோபர் 12 இல் கரை கண்டபோது ஆசியாவுக்கு வந்துவிட்டதாக நம்பினார். பூமியின் சுற்றளவை அவர் நிறையக் குறைத்துக் கணக்குப் போட்டிருந்தார். தேடிப்போனது மிளகு, கிடைத்தது மிளகாய். அதையும் அவர் மிளகு இனம் என்றே எடுத்துக்கொண்டார். ஸ்பானிய மொழியில் இரண்டுக்கும் இன்றுவரை ஏறத்தாழ ஒரே பெயர்தான். இதை எழுதும்போது நானே திகைத்துப்போனேன், ஏனென்றால் எங்கள் சனமும் அதைத்தான் செய்திருக்கிறது: போர்த்துக்கேயர் கொண்டுவந்த புதுக் காயைப் பார்த்து, உறைப்புக்கு மிளகைத் தவிர வேறு அறியாத நாக்கு அதற்கு ‘மிளகு காய்’ என்று பேர் வைத்தது. அந்தத் தீவுச் சனம் அதற்குப் பிறகு பட்டது பெருந்துன்பம். அதனால் என் சிரிப்பு அவருடைய கணக்கோடும் எங்கள் கறித்தூளோடும் நின்றுவிடும். பலகையில் கடைசி வரியை இப்படி முடித்தேன்: "அவர் வழி தவறியிராவிட்டால் எங்கட கூழுக்குச் செத்தல் மிளகாய் ஏது?"

இப்போது, பார்த்துக் கால் வைக்கவேண்டிய இடம்.

1938 ஒக்டோபர் 30 இரவு, ஓர்சன் வெல்ஸ் நியூயோர்க்கில் இருந்து ஒரு வானொலி நாடகம் போட்டார். செவ்வாய்க் கிரகத்தவர் வந்து இறங்கிவிட்டார்கள் என்று செய்தி வாசிப்பது போலவே நடித்தார்கள். நாடு முழுக்கச் சனம் பதறி ஓடியதாக அடுத்த நாள் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. உண்மையில் பதறியவர்கள் கொஞ்சப் பேர்தான். பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்ததுதான் அந்தக் கதையில் சிரிப்பே. நான் அதை 30 ஆம் திகதிக்கு எழுதினேன். "சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிச்சுதாம்" என்று ஒரு வரியும் போட்டேன்.

பேரப்பிள்ளையைக் கூட்டிவந்த ஓர் அம்மா பலகைக்கு முன்னால் நின்றா. பிள்ளை சித்திரக் கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு வந்த பிறகும் நின்றா. 30 என்ற இலக்கத்தில் விரலை வைத்து, "ரீச்சர், இது நாங்கள் ஓடின நாளெல்லோ" என்றா. குரலில் கோபம் இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டா.

1995 ஒக்டோபர் 30. யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஓரிரவில் எழும்பி மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்த நாள். நாவற்குழிப் பாலத்தில், அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நானும் நின்றேன். அப்படி நின்ற கைதான் அந்த வரியை எழுதியது. அன்று பின்னேரம் போட்டைக் கழற்றினேன். அதே ஒக்டோபர் 30 தான், 1990 இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் இரண்டு மணி நேரத்தில் வீடு வாசலை விட்டு வெளிக்கிட வைக்கப்பட்ட நாள். என்னோடு படிப்பித்த சோனகதெரு ரீச்சர் ஒருவரும் அப்படித்தான் போனா. 21 ஆம் திகதி, 1987 இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளரும் வைத்தியர்களும் தாதிமாரும் சுடப்பட்ட நாள்.

ஆகவே மாதம் எழுத இருக்கும்போது, உலகத்துச் சம்பவம் எதையும் தொடமுதல் எங்கள் நாட்களைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். அந்தக் கட்டங்களில் ஆண்டை மட்டும் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை. வானொலி நாடகம் நல்ல கதைதான், இருந்தாலும் எங்கள் ஊரில் ஒக்டோபரில் அதற்கு இடம் கிடையாது.

இனி எழுதும் விதம். பெரும்பாலும் ஆட்கள் பிழைக்கிறது இங்கேதான், ஏனென்றால் ஆண்டையும் பெயரையும் முன்னால் வைத்துவிடுகிறார்கள். "1901 ஒக்டோபர் 24 இல் அனி எட்சன் ரெய்லர் என்பவர் பீப்பாயில் நயாகரா நீர்வீழ்ச்சியைக் கடந்து உயிர் தப்பிய முதலாமவர் ஆனார்." சரியான வசனம். ஒருவரும் தலை நிமிர்த்தமாட்டார்கள். நான் எழுதியது இது:

"பென்சன் இல்லாத ஒரு ரீச்சர். புருசன் செத்துப்போனார். கையில் காசில்லை. தன்னுடைய 63 ஆவது பிறந்தநாளுக்கு ஒரு பீப்பாய் செய்வித்தா. உள்ளே மெத்தை வைத்து, தானும் ஏறி இருந்து, மூடச் சொன்னா. பீப்பாய் நயாகராவில், 150 அடிக்கு மேலேயிருந்து விழுந்தது. திறந்து பார்த்தால் தலையில் ஒரு வெட்டுக்காயம், அவ்வளவுதான். அதற்கு முதல் அப்படி விழுந்து உயிரோடு வந்தவர் ஒருவரும் இல்லை. ஊர் ஊராகக் காட்டி உழைக்கலாம் என்று இருந்தா. மனேஜர் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்."

யாழ்ப்பாணத்தில் ‘பென்சன்’ என்ற சொல்லுக்குத் திரும்பாத தலை கிடையாது. பேரும் ஆண்டும் கீழே சின்ன எழுத்தில் இருந்தன. அதற்குப் பக்கத்தில், அவ 1921 இல் வறுமையில் காலமானா என்பதையும் எழுதினேன். சிரித்த பிறகு அவவைப் பற்றி அது தெரியத்தான் வேண்டும்.

சிரிப்பு எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 1947 ஒக்டோபர் 14 இல் சக் யேகர் ஒலியை முந்திப் பறந்தார். இரண்டு நாளுக்கு முன் குதிரையால் விழுந்து இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. மேலதிகாரிக்குச் சொன்னால் பறக்க விடமாட்டார்கள் என்று மறைத்துவிட்டார். வலது கையை எட்டிப்போட்டு விமானக் கதவைப் பூட்ட முடியவில்லை. கூட்டாளி ஒருவர் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார், அதை நெம்பாகப் பிடித்துப் பூட்டினார். என்ன துண்டு? தும்புத்தடி. "தும்புத்தடி" என்ற சொல் கடைசியில் வந்தபடியால்தான் அந்த மாதம் பெடியள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ‘துடைப்பக் கைப்பிடி’ என்று எழுதியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்கமாட்டார்கள்.

எங்கள் ஊருக்கு ஏற்கனவே மனம் உள்ள விசயம் என்றால் இன்னும் சுகம். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் யாழ். மத்திய கல்லூரிப் பழைய மாணவர் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்ததை எங்கள் தலைமுறைக்கு வீட்டுக்கு வீடு சொல்லியிருந்தார்கள். அதனால் 1968 ஒக்டோபர் 20 இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி தடியை முதுகால் தாண்டி 2.24 மீற்றர் பாய்ந்ததை எழுதினபோது விளக்கமே தேவைப்படவில்லை. அப்படிப் பாயப் பழகினபோது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் எல்லாரும் முதுகால்தான் பாய்கிறார்கள்.

ஸ்புட்னிக்கை, 1957 ஒக்டோபர் 4, இரண்டே வரியில் விடுங்கள். எல்லாருக்கும் தெரிந்தது.

ஒரு போட்டுக்கு ஆறு சம்பவத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றுக்கு ஐம்பது சொல். ஆறடி தள்ளி நின்றால் வாசிக்கக்கூடிய எழுத்து. கறுப்பிலும் நீலத்திலும் எழுதுங்கள், சிவப்பு வெயிலுக்கு வெளிறிவிடும். ஆச்சரியக்குறி போடாதீர்கள். ஒக்டோபர் நடுவில் மழை பிடித்துவிடும். விறாந்தைக்குத் தூவானம் அடிக்கும். போட்டுக்கு மேல் மெல்லிய பொலித்தீன் இழுத்து நான்கு மூலைக்கும் பின் குத்துங்கள், கோதுமை மாப் பசை பூச்சி பிடிக்கும். கழற்றிய போட்டுகளை எறியாமல், பின்பக்கத்தில் ஆண்டை எழுதிச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வையுங்கள்.

31 ஆம் திகதி பின்னேரம் அடுத்த போட்டைக் கீறத் தொடங்கும்போது, நவம்பர் 7 இல் நல்ல பெரிய கட்டமாக ஒன்று விடுங்கள். ஒக்டோபர் புரட்சி அன்றைக்குத்தான்.