இடர்க்காலத்தில் கோபத்தைத் தேவனிடம் ஒப்படைப்பது எப்படி?

போர், 2004இன் ஆழிப்பேரலை, 2022இன் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு என அடுத்தடுத்து அடிபட்ட திருகோணமலையில், கோபப்படுவதே பாவம் என்று ஒரு விசுவாசியிடம் சொல்வது நியாயமன்று. வேதமும் அப்படிச் சொல்லவில்லை; கோபம் வந்தாலும் பாவம் செய்யாதிருங்கள், சூரியன் மறையுமுன் எரிச்சல் தணியட்டும் என்றே எபேசியர் 4:26 கேட்கிறது.

ஆகவே முதலில் 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று மீண்டும் மீண்டும் முறையிடும் அந்தச் செபம், ஆறே வசனங்களுக்குள், தேவனுடைய கிருபையை நம்புவதில் வந்து நிற்கிறது. முறையீட்டுக்கும் நம்பிக்கைக்கும் இடையே உங்கள் வழக்கை ஒளிக்காமல் வையுங்கள்: வெறும் வலையோடு கரைதிரும்பிய படகு, இன்னும் கைக்கு வராத காணி, வீடு திரும்பாத மகன். தேவனிடம் மரியாதைக்காக மறைத்த கோபம்தான், என் எண்ணத்தில், பிள்ளைகள்மேல் பாய்கிறது.

வீட்டுக்குள் நுழையுமுன், செருப்பைக் கழற்றும் இடத்திலேயே சற்று நின்று, அன்றைய எரிச்சலைக் கர்த்தரிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

பழிவாங்குதலைத் தேவனுக்கு விடச் சொல்லும் ரோமர் 12:19 நீதி கேட்பதைத் தடுக்கவில்லை. பிரதேச செயலகத்துக்கு எழுத வேண்டிய மனுவை நிதானத்தோடு எழுதுங்கள். கை ஓங்கும் அளவுக்குக் கோபம் முற்றினால், தாமதிக்காமல் உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள்.